பள்ளிக் கண்காட்சியில் மாணவர் அரங்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் ஊர் அரசு மேல்நிலைப் பள்ளியில் ஆண்டுதோறும் பிப்ரவரிக் கடைசியில் மாணவர் கண்காட்சி நடக்கிறது. ஆறிலிருந்து ஒன்பது வரையும் பிளஸ் ஒன்னும் கலந்துகொள்ளும். பத்தும் பிளஸ் டூவும் பொதுத்தேர்வு நெருக்கத்தில் இருப்பதால் வேடிக்கை பார்க்க மட்டும் வரும். ஊர் காவிரிப் பாசனத்தில் இருக்கிறது. பெற்றோரில் பலருக்கு வயல் வேலை. நான் அங்கே அறிவியல் ஆசிரியர். பத்து ஆண்டுகளாக அரங்கு ஒதுக்குவது, டெஸ்க் நகர்த்துவது, ஒயர் இழுப்பது எல்லாம் என் தலையில்தான். பொங்கல் லீவு முடிந்த மறுநாளிலிருந்து பள்ளி வாசலிலும் டீக்கடையிலும் இரவு ஒன்பது மணிக்குப் போனிலும் ஒரே கேள்விகள் திரும்பத் திரும்ப வரும். அவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். வேறு பள்ளி ஆசிரியர்களும் வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம்.

ஏன் பிப்ரவரியில் வைக்கிறீர்கள்? 28ஆம் தேதியேதான் நடக்குமா?

1928 பிப்ரவரி 28 அன்று சி.வி. ராமன் கொல்கத்தாவில் ராமன் விளைவைக் கண்டறிந்தார். 1987 முதல் அந்த நாளைத் தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடுகிறோம். ‘இன்று ராமன் பிறந்த நாள்’ என்று ஆண்டுக்கு ஒருவராவது சார்ட் எழுதிக்கொண்டு வந்துவிடுவார். அவர் பிறந்தது 1888 நவம்பர் 7. தயவுசெய்து ஒட்டுவதற்கு முன் என்னிடம் காட்டுங்கள்.

ஆனால் 28 என்ற தேதியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வதில்லை. தையிலும் மாசியிலும் இங்கே அறுவடை. காலை 11 மணிக்கு ரிப்பன் வெட்டினால் யார் வருவார்கள்? முதல் சில ஆண்டுகள் அப்படித்தான் செய்தோம். பக்கத்து வகுப்புப் பிள்ளைகளே வரிசையில் வந்து பார்த்துவிட்டு வரிசையில் திரும்பிப் போனார்கள். ஊரில் ஓர் ஆள் எட்டிப் பார்க்கவில்லை. இப்போது 28-ஐ ஒட்டிய சனிக்கிழமை, மாலை மூன்றரை முதல் ஆறரை வரை. முகூர்த்த நாளா, பக்கத்து ஊரில் திருவிழாவா என்று காலண்டரைப் புரட்டிவிட்டுத்தான் தேதி வைக்கிறோம். இந்த விஷயத்தில் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் அம்மாக்கள் சொல்வதே கடைசிச் சொல். எந்த வாரம் யார் வயலில் மிஷின் இறங்குகிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

என் மகள் ஏழாம் வகுப்பு. அவளுக்கு என்ன தலைப்பு கொடுக்கலாம்?

நீங்கள் கொடுக்க வேண்டாம். நானும் கொடுப்பதில்லை. அவளை ஒரு கேள்வியோடு வரச் சொல்லுங்கள்.

‘மழைநீர் சேகரிப்பு’ என்று ஒரு தலைப்பைக் கொடுத்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். அட்டையில் ஒரு வீடு, ஒரு குழாய், நீல நிறக் காகிதத்தில் தண்ணீர், ‘நீரின்றி அமையாது உலகு’ என்று மேலே ஒரு வரி. பத்து ஆண்டுகளில் இதே வீட்டைப் பத்து முறையாவது பார்த்திருப்பேன். ஒரு முறை எட்டாம் வகுப்புப் பெண்கள் இருவர் வேறு மாதிரி கேட்டார்கள்: “சார், எங்க தெருவுல எல்லார் வீட்டுலயும் குழாய் இருக்கு. தண்ணி உள்ள இறங்குதா?” தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது 2003-இல். இந்தப் பிள்ளைகள் பிறப்பதற்கு முன்பே போட்ட குழாய்கள் அவை. இருவரும் நோட்டை எடுத்துக்கொண்டு இரண்டு தெருவிலும் வீடு வீடாகப் போனார்கள். குழி மண்ணடைந்து கிடந்த வீடு, குழாய் பாதியில் உடைந்த வீடு, குழி மேலேயே சிமெண்ட் போட்டு பைக் நிறுத்தும் வீடு என்று தெருவின் வரைபடத்தில் வண்ணப் பொட்டு வைத்தார்கள்.

அதோடு ஒரு கணக்கு. ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். இருபதுக்கு இருபது அடி வகுப்பறையின் கூரை சுமார் 37 சதுர மீட்டர். பத்து மில்லிமீட்டர் மழைக்கு 370 லிட்டர். கடையில் வாங்கும் இருபது லிட்டர் கேன் கணக்கில் பதினெட்டரை கேன். காலி கேன்களைச் சேகரித்து அரங்குக்குப் பின்னால் சுவர் மாதிரி அடுக்கிவிட்டார்கள். பார்க்க வந்தவர்கள் முதலில் வரைபடத்தில் தங்கள் வீட்டைத் தேடினார்கள், அப்புறம் கேன்களை எண்ணினார்கள். மாடல் என்று ஒன்றுமே அந்த அரங்கில் இல்லை.

அப்படி ஒரு கேள்வி எங்கிருந்து வரும் என்றால், வீட்டிலிருந்து. ரேஷன் பருப்பும் கடைப் பருப்பும் ஒரே நேரத்தில் வேகுமா? மஞ்சள் கறை பட்ட சட்டையில் சோப்புப் போட்டால் ஏன் சிவக்கிறது? இதெல்லாம் நல்ல கேள்விகள். கடைசிக் கேள்வியை வைத்து ஒரு முழு அரங்கே போடலாம்: மஞ்சள் காரத்தில் சிவப்பாகும், சங்குப்பூச் சாறு எலுமிச்சை பட்டால் நீலத்திலிருந்து ஊதா, இளஞ்சிவப்பு என்று மாறும். செலவு பத்து ரூபாய்.

டவுனில் ரெடிமேட் மாடல் கிடைக்கிறதே, வாங்கி வைக்கலாமா?

வேண்டாம். விதி என்பதற்காகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் சிரிஞ்சில் ஓடும் ஜே.சி.பி. மாடல் கொண்டுவந்தான். மஞ்சள் பெயின்ட், பளபளவென்று இருந்தது. கடையில் வாங்கியது என்று பார்த்த உடனே தெரிந்தது, அவன் அப்பா ஆசையாக வாங்கிக் கொடுத்ததால் நான் ஒன்றும் சொல்லவில்லை. அடைபட்ட திரவத்தில் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாப் பக்கமும் பரவும் என்கிற பாஸ்கல் விதியைப் பையன் கடகடவென்று ஒப்பித்தான். எல்லாரும் கை தட்டினார்கள். மாலை ஐந்து மணிக்கு ஊரில் உண்மையாகவே ஜே.சி.பி. ஓட்டும் ஒருவர் வந்து நின்றார். மாடலை இரண்டு தடவை இயக்கிப் பார்த்துவிட்டு, “தம்பி, டியூபுக்குள்ள காத்துப் புகுந்துட்டா என்னாகும்?” என்று கேட்டார். பையன் விழித்தான். அவர் கேலி செய்யக் கேட்கவில்லை. அது அவருடைய அன்றாடப் பிரச்சினை.

அதே மாடலை அவனே அட்டையிலும் ஐஸ் குச்சியிலும் செய்திருந்தால், தண்ணீர் நிரப்பும்போது நாலு தடவை காற்றுக் குமிழி மாட்டியிருக்கும். கை தூக்காமல் தொங்கியிருக்கும். குமிழியை வெளியேற்றப் பாடுபட்டிருப்பான். தண்ணீரை அமுக்கிச் சுருக்க முடியாது, காற்றைச் சுருக்கிவிடலாம், அதனால்தான் தள்ளுகிற விசை மறுமுனைக்குப் போய்ச் சேரவில்லை என்பது அவன் விரலுக்கே தெரிந்திருக்கும். கடை மாடலில் அந்தத் தொல்லை எல்லாம் தீர்த்துத்தான் விற்கிறார்கள். படிக்க வேண்டியதையும் சேர்த்துத் தீர்த்துவிடுகிறார்கள்.

(சிரிஞ்சு மாடல் செய்கிறவர்கள் மெடிக்கலில் புது சிரிஞ்சு வாங்குங்கள், ஊசியைக் கடையிலேயே கொடுத்துவிட்டு வாருங்கள். ஆஸ்பத்திரிப் பின்பக்கம் பொறுக்கிய சிரிஞ்சை ஒரு மாணவன் கொண்டுவந்த நாளை நினைத்தால் இன்னும் எனக்குப் பகீர் என்கிறது.)

எரிமலை வைக்கலாமா?

சமையல் சோடாவும் வினிகரும் என்றால் வைக்கலாம். ஆனால் ஒரு கண்காட்சிக்கு ஒரு எரிமலை போதும், முதலில் பெயர் கொடுப்பவருக்கு.

ஆரஞ்சு நிறத் தூளைக் கொளுத்தினால் தீப்பொறி பறந்து பச்சைச் சாம்பல் குவியுமே, அது அறவே கூடாது. அந்தத் தூள் அமோனியம் டைகுரோமேட். அதில் உள்ள குரோமியம் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய வகை. என் சிறு வயதில் பள்ளிக்கூடங்களில் இதைத்தான் மேஜையில் கொளுத்திக் காட்டினார்கள். நாங்கள் முகத்தை நீட்டிப் பார்த்தோம்.

அறிவியல் மட்டும்தானா?

இல்லை. கணக்கு, வரலாறு, தமிழ் எல்லாவற்றுக்கும் இடம் உண்டு. எனக்குப் பிடித்த அரங்குகளில் இரண்டு அறிவியல் பாடத்தில் இல்லாதவை.

ஒன்று கோலம். தரையில் புள்ளி வைத்து ஏழாம் வகுப்புப் பெண்கள் சிக்குக் கோலம் போட்டார்கள். கேள்வி இதுதான்: கையை எடுக்காமல் ஒரே கோட்டில் இந்தக் கோலத்தை முடிக்க முடியுமா, இல்லை இரண்டு மூன்று கோடுகள் வேண்டுமா? புள்ளிகளைக் கூட்டினால் என்ன ஆகிறது? விடையைத் தேடிக்கொண்டிருந்த கணக்கு ஆசிரியரைத் தள்ளிவிட்டு, பார்க்க வந்த பாட்டிகள் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். ஆறரைக்கு மேலும் எழுந்திருக்கவில்லை. கும்பகோணத்தில் பள்ளிக்குப் போன ராமானுஜனின் படத்தைச் சுவரில் மாட்டி, 1729-ஐ இரண்டு கன எண்களின் கூட்டலாக இரண்டு விதமாக எழுதியிருந்தார்கள்: ஒன்றின் கனமும் பன்னிரண்டின் கனமும், ஒன்பதின் கனமும் பத்தின் கனமும். அதை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. சரி, கோலத்தோடு போட்டி போட முடியுமா?

இன்னொன்று பழைய அளவைகள். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி, எட்டுப் படி ஒரு மரக்கால், பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம் என்று வாய்ப்பாடு இருக்கிறது. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் வீடு வீடாகப் படிகளைச் சேகரித்து, ஆய்வகத்தின் அளவு ஜாடியில் தண்ணீர் ஊற்றி அளந்தார்கள். ஒரு படிக்கும் இன்னொரு படிக்கும் ஒத்துப்போகவில்லை. பட்டணம் படி, உள்ளூர்ப் படி, அளக்கும் படி, கொடுக்கும் படி என்று பெரியவர்கள் ஆளுக்கொரு கதை சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். கூலி நெல்லை எந்தப் படியில் அளந்தார்கள் என்று ஒரு கிழவர் சொன்ன கதையை இங்கே எழுத முடியாது. பிள்ளைகள் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஓர் அரங்குக்கு எத்தனை பேர்?

மூன்று. இருவர் பேசும்போது ஒருவர் மற்ற அரங்குகளைப் பார்க்கப் போகலாம். ஐந்து பேர் என்றால் இரண்டு பேர் சும்மா நிற்பார்கள். ஒருவர் மட்டும் என்றால் தண்ணீர் குடிக்கக்கூடப் போக முடியாது.

எப்போது தொடங்க வேண்டும்?

பொங்கல் முடிந்த வாரம் கேள்வி. அடுத்த இரண்டு வாரம் அளப்பது, விசாரிப்பது, செய்து பார்ப்பது. நான்காவது வாரம் அரங்கைக் கட்டுவது. ஐந்தாவது வாரத்தில் ஒரு நாள் எல்லாவற்றையும் வைத்து வேறு வகுப்பை அழைத்து ஒத்திகை. முதல் நாள் இரவு உட்கார்ந்து செய்வதென்றால் செய்வது பெற்றோராகத்தான் இருக்கும், பிள்ளை பக்கத்தில் தூங்கிக்கொண்டிருக்கும்.

சில பொருட்களுக்கு நாள் கணக்கு முக்கியம். கொசு அரங்கு வைத்த பிள்ளைகள் தேங்காய்ச் சிரட்டையில் கிடந்த புழுக்களை ஒரு வாரம் முன்பே பாட்டிலில் பிடித்து வைத்துவிட்டார்கள். முட்டையிலிருந்து கொசுவாக மொத்தமே எட்டுப் பத்து நாள்தான். கண்காட்சியன்று பாட்டிலில் புழு ஒன்றும் இல்லை, கொசுதான் இருந்தது. நல்லவேளை, வாயை வலைத்துணியால் கட்டியிருந்தார்கள். இப்போது இரண்டு நாள் முன்புதான் பிடிக்க வேண்டும், முடிந்ததும் தண்ணீரைக் காய்ந்த மண்ணில் கொட்டிவிட வேண்டும். சாக்கடையில் கொட்டினால் நாமே வளர்த்துவிட்ட மாதிரி.

தெர்மாகோல் இல்லாமல் எப்படி?

2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடை செய்யப்பட்ட ஒருமுறைப் பிளாஸ்டிக் பொருட்களின் பட்டியலில் அலங்காரத்துக்கான தெர்மாகோலும் இருக்கிறது. நூறு மைக்ரானுக்குக் குறைந்த பி.வி.சி. பேனரும் அதே பட்டியலில் உண்டு. எனவே ஃபிளெக்ஸும் வேண்டாம். சுற்றுச்சூழல் பற்றிப் பேசும் அரங்கைத் தெர்மாகோலில் செய்துகொண்டு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பும் வரும், எரிச்சலும் வரும்.

மளிகைக் கடை அட்டைப்பெட்டி எதற்கும் ஆகும். கனம் வேண்டுமென்றால் இரண்டு அட்டைகளை வரி மாற்றி ஒட்டுங்கள், ஒன்றின் வரி நெட்டாகவும் மற்றதின் வரி குறுக்காகவும் இருந்தால் வளையாது. மலை, மேடு பள்ளத்துக்குக் காகிதக் கூழ். பழைய பேப்பரை ஊறவைத்து, ஊறிய வெந்தயத்தோடு சேர்த்து அரைத்துக் கூடை செய்யும் வழக்கம் பல வீடுகளில் இருந்தது; பாட்டியைக் கேளுங்கள். ஒரே சிக்கல், காய நாளாகும். பனி பெய்யும் மாசியில் இன்னும் தாமதம்.

சார்ட்டில் என்ன எழுதுவது?

முதல் வரியில் கேள்வி. ‘மழைநீர் சேகரிப்பு’ என்று தலைப்புப் போடாமல் ‘நம் தெருக் குழாயில் தண்ணீர் இறங்குகிறதா?’ என்று போடுங்கள். அதன் கீழ் என்ன செய்தீர்கள் என்று மூன்று நான்கு வரி, ஒரு படம் அல்லது அட்டவணை, என்ன தெரிந்தது என்று இரண்டு வரி. கூகுளில் எடுத்த பத்தியை நிரப்பி எழுதிய சார்ட்டை எழுதியவரே திரும்பப் படிப்பதில்லை.

எழுத்து ஓர் அங்குல உயரம் இருந்தால் பத்தடி தள்ளி நின்று வசதியாகப் படிக்கலாம். தலைப்புக்கு இரண்டு அங்குலம் வையுங்கள். கறுப்பு அல்லது கருநீல மார்க்கர். மஞ்சள், ரோஸ் ஸ்கெட்ச்சால் எழுதினால் எழுதியது உங்களுக்கு மட்டும் தெரியும். சார்ட்டை ஒட்டிவிட்டுப் பின்னால் நடந்து வாசலில் நின்று பாருங்கள்.

ஆங்கில வழியில் படிக்கிறான். சார்ட்டை ஆங்கிலத்தில் எழுதலாமா?

பார்க்க வருவது அவனுடைய பாட்டி. தமிழில் எழுதட்டும். வேண்டுமானால் கீழே சிறியதாக ஆங்கிலத்திலும் எழுதிக்கொள்ளலாம்.

கரண்ட் வேண்டும் என்றால்?

முன்கூட்டியே சொல்ல வேண்டும். அன்று காலை வந்து “சார், ஒரு பிளக் மட்டும்” என்றால் கிடையாது.

மாடலில் ஓடும் மோட்டார், எல்.இ.டி. விளக்கு எல்லாம் பேட்டரியிலோ பழைய செல்போன் சார்ஜரின் ஐந்து வோல்ட்டிலோ ஓட வேண்டும். 230 வோல்ட் மாணவர் கைக்கு வரக் கூடாது. பிளக் இல்லாத ஒயரின் முனையைச் சீவி, சாக்கெட்டில் விட்டுத் தீக்குச்சி செருகி நிறுத்துகிற பழக்கம் நம் ஊரில் கல்யாண வீடு வரைக்கும் உண்டு. பள்ளியில் அதைக் கண்டால் அந்த அரங்கை அப்போதே மூடிவிடுவேன், யார் வீட்டுப் பிள்ளையானாலும் சரி. வகுப்பறையில் இருப்பது சின்ன சாக்கெட், ஆறு ஆம்பியர். வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் 1,380 வாட். ஒரு ஜங்ஷன் பாக்ஸில் நாலு அரங்கு தொங்கும்போது ஒருவர் ஹீட்டர் ராடைச் செருகினால் கதை முடிந்தது.

தீ கிடையாது. மெழுகுவத்தி, கற்பூரம், ஸ்பிரிட் விளக்கு எதுவும். கீற்றுப் பந்தலும் கிடையாது, மைதானத்தில் துணிப் பந்தல்கூடப் போடுவதில்லை. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியில் சமையற்கூடத்துக் கீற்றுக் கூரையில் பிடித்த தீயில் 94 குழந்தைகள் போனார்கள். இங்கிருந்து கும்பகோணம் பஸ்ஸில் போய்வரும் தூரம். இந்த ஒரு விஷயத்தில் யாரும் என்னிடம் விவாதம் செய்ய வேண்டாம்.

பெற்றோர் எவ்வளவு உதவலாம்?

கத்தி பிடிக்கும் இடம், டிரில் போடும் இடம், இஸ்திரிப் பெட்டி வேண்டிய இடம்: உங்கள் கை. மற்றதெல்லாம் பிள்ளையின் கை. கோணலாக ஒட்டியிருந்தால் கோணலாகவே இருக்கட்டும்.

உங்களால் உண்மையில் செய்யக்கூடிய பெரிய உதவி வேறு. உங்கள் தொழிலைப் பற்றிப் பிள்ளை கேட்கும்போது உட்கார்ந்து பதில் சொல்லுங்கள். ஒரு முறை பாரம்பரிய நெல் அரங்கு வைத்தார்கள். மாப்பிள்ளைச் சம்பா, பூங்கார், தூயமல்லி, கிச்சிலிச் சம்பா என்று கதிர்களை வரிசையாகக் கட்டித் தொங்கவிட்டு, ஒவ்வொன்றின் உயரத்தையும் நாளையும் எழுதியிருந்தார்கள். விவரம் அத்தனையும் ஒரு மாணவனின் தாத்தா சொன்னது. அவர் பள்ளிக்கூடப் படியேறியது அன்றுதான் முதல் முறை என்று பிறகு தெரிந்தது. ஒரு நாற்காலி போட்டு அரங்கிலேயே உட்காரவைத்துவிட்டோம்.

செலவு எவ்வளவு ஆகும்?

ஓர் அரங்குக்கு 200 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது என்று வைத்திருக்கிறோம். சார்ட், மார்க்கர், ஃபெவிகால் பள்ளியே கொடுக்கும். பில்லை நோட்டில் ஒட்டி வைக்கச் சொல்வோம், எட்டாம் வகுப்புக்கு அதுவும் ஒரு கணக்குப் பாடம்.

பேசுவதற்கு எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்யவைக்கலாமா?

இங்கேதான் பெற்றோரும் ஆசிரியர்களும் அதிகம் தவறு செய்கிறோம். நானும் செய்திருக்கிறேன். “எல்லாருக்கும் வணக்கம், எங்கள் செயல்திட்டத்தின் பெயர்…” என்று தொடங்கும் ஒரு பக்கத்தை எழுதிக் கொடுப்போம். பிள்ளை அதை நூறு தடவை ஒப்பிக்கும். நடுவில் யாராவது குறுக்கிட்டால் மறுபடி வணக்கத்திலிருந்து ஆரம்பிக்கும்.

நான் இப்போது மூன்று கேள்விகளுக்கு மட்டும் தயார் செய்கிறேன். இது என்ன? இது எப்படி நடக்கிறது? இந்த இரண்டையும் எந்தப் பிள்ளையும் சொல்லிவிடும். மூன்றாவது, இதில் ஒன்றை மாற்றினால் என்ன ஆகும்? ஜே.சி.பி. ஓட்டுநர் கேட்டது இந்த மூன்றாவது கேள்வியைத்தான். இதற்கு மனப்பாடத்தில் பதில் இருக்காது. கையால் செய்து பார்த்திருந்தால் இருக்கும்.

எலுமிச்சை பேட்டரியை எடுத்துக்கொள்ளுங்கள். துத்தநாகம் பூசிய ஆணி ஒருபுறம், செம்புக் கம்பி மறுபுறம். ஒரு பழத்துக்குச் சுமார் 0.9 வோல்ட். சிவப்பு எல்.இ.டி. எரிய ஏறக்குறைய இரண்டு வோல்ட் வேண்டும், ஆகவே மூன்று நான்கு பழத்தைத் தொடராக இணைக்கிறோம். ஒத்திகையில் நான் கேட்பேன்: உருளைக்கிழங்கு வைத்தால்? இரண்டு பக்கமும் செம்பே வைத்தால்? பழத்தைப் பிழிந்துவிட்டு வெறும் சாற்றில் வைத்தால்? நாலு பழத்தில் டார்ச் பல்பு எரியுமா? தெரியாது என்றால் “போய்ச் செய்துபார்த்துவிட்டு வா” என்று அனுப்பிவிடுவேன். டார்ச் பல்பு எரியாது, கரண்ட் போதாது. அதைப் பார்த்துவிட்டு வருகிற முகம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ‘சார் சொன்னது’ என்று இருந்தது ‘நான் பார்த்தது’ என்று மாறியிருக்கும்.

ஒத்திகைக்கு ஆறாம் வகுப்பை அழைப்பதற்கும் காரணம் இருக்கிறது. பெரியவர்கள் மரியாதைக்குத் தலையாட்டிவிட்டுப் போவார்கள். ஆறாம் வகுப்பு விடாது.

பதில் தெரியாத கேள்வி வந்தால்?

“தெரியலைங்க, பார்த்துச் சொல்றேன்” என்று சொல்லிவிட்டு, கேள்வியை நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். வாய்க்கு வந்ததை அடித்துவிடக் கூடாது. திங்கட்கிழமை அந்த நோட்டை வைத்துத்தான் எனக்கு வகுப்பு.

என் பையன் கூச்ச சுபாவம். கட்டாயம் பேச வேண்டுமா?

பேச வேண்டியதில்லை. இயக்கிக் காட்டட்டும், அளந்து காட்டட்டும், நோட்டில் எழுதிக்கொள்ளட்டும். பெரும்பாலும் நாலாவது ஐந்தாவது ஆள் வரும்போது தானாகவே இரண்டு வார்த்தை வந்துவிடும். வராவிட்டாலும் பரவாயில்லை. அருகில் நின்று “சொல்லுடா, சொல்லுடா” என்று மட்டும் செய்யாதீர்கள்.

அன்று பார்த்து மாடல் ஓடவில்லை என்றால்?

ஓடாது. எதிர்பார்த்துக்கொண்டே வாருங்கள். அரங்குக்கு ஒரு டப்பா: உபரி பேட்டரி, ஒயர், செல்லோ டேப், கத்தரிக்கோல், ரப்பர் பேண்ட். அப்படியும் ஓடவில்லையென்றால் ஏன் ஓடவில்லை என்பதையே காட்டச் சொல்கிறேன். வருகிறவர்களில் எலக்ட்ரீசியன், மெக்கானிக், மோட்டார் ரீவைண்டிங் செய்கிறவர் எல்லாம் இருப்பார்கள். அவர்களும் பிள்ளைகளும் ஒரு மாடலைச் சுற்றிக் குனிந்து நிற்கும்போதுதான் அந்த அரங்கில் கூட்டம் அதிகம்.

அறையில் எப்படி இடம் ஒதுக்குகிறீர்கள்?

ஓர் அறைக்கு நான்கு அரங்கு. டெஸ்குகளைச் சுவரோரம் ‘ப’ போலப் போட்டு நடுவைக் காலியாக விடுகிறோம். ஒரு கதவில் நுழைந்து மறு கதவில் வெளியேற வேண்டும், இரண்டும் கடைசிவரை திறந்தே இருக்கும். சத்தம் போடும் மாடலும் பேசிக் காட்டும் அரங்கும் ஒரே அறையில் வேண்டாம். தண்ணீர் சிந்தும் அரங்கு வாசல் பக்கம். வயதானவர்களுக்கு அறைக்கு இரண்டு நாற்காலி. கழிப்பறைச் சாவி யாரிடம் என்று முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். அன்று மாலை முழுக்க மைக்கில் அந்தச் சாவியைத் தேடிய அனுபவம் எங்களுக்கு இருக்கிறது.

பரிசு உண்டா?

முதலில் முதல், இரண்டு, மூன்று கொடுத்தோம். நடுவர் யார் என்பதிலேயே மனஸ்தாபம். அப்புறம் ஊராரே தேர்ந்தெடுக்கட்டும் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு புளியங்கொட்டை கொடுத்து, பிடித்த அரங்கின் பானையில் போடச் சொன்னோம். யார் வீட்டில் சித்தப்பா பெரியப்பா அதிகமோ அவர்கள் ஜெயித்தார்கள்.

இப்போது அரங்குக்கு ஒரு பெட்டி. பார்த்தவர்கள் தோன்றிய கேள்வியைச் சீட்டில் எழுதிப் போடலாம். எழுத வராதவர்களுக்கு ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதித் தருவார்கள். அதிகக் கேள்வி வாங்கிய அரங்குக்கு ஒரு புத்தகம். கேள்வி ஒன்றும் விழாத அரங்கு எனக்கும் ஒரு செய்திதான்.

இதற்கு மேல் எங்காவது அனுப்ப முடியுமா?

நல்ல யோசனையாக இருந்தால், மாணவர்களின் புது யோசனைகளுக்கு மத்திய அரசு உதவித்தொகை தரும் இன்ஸ்பயர் மானக் திட்டத்துக்குப் பள்ளி மூலமாகப் பதிவு செய்கிறோம். தேர்வானால் மாதிரியைச் செய்ய மாணவரின் வங்கிக் கணக்கில் 10,000 ரூபாய் வரும். ஆதாரும் பாஸ்புக்கும் பெயர் எழுத்து மாறாமல் ஒத்துப்போக வேண்டும், அதை இப்போதே சரி பார்த்துக்கொள்ளுங்கள். தெருவில் இறங்கி விசாரித்துச் செய்த திட்டங்கள் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்குப் பொருந்தும். 1993 முதல் நடக்கிறது. பத்திலிருந்து பதினேழு வயதுக்குள் இருக்க வேண்டும்.

முடிந்ததும் பொருட்களை எப்போது எடுத்துக்கொள்ளலாம்?

அன்று இரவே வேண்டாம், இருட்டில் மாறிப்போகும். திங்கட்கிழமை மாலை, நோட்டில் கையெழுத்துப் போட்டு. அட்டையும் காகிதமும் பழைய பேப்பர்காரருக்குப் போகும், அந்தக் காசில் அடுத்த ஆண்டுக்கு மார்க்கர். வீடுகளில் இரவல் வாங்கிய சாமான்களில் அடியில் பிளாஸ்திரி ஒட்டிப் பெயர் எழுதச் சொல்கிறோம். அளவை அரங்கு நடந்த ஆண்டில் அந்த யோசனை வரவில்லை. பித்தளை உழக்கு ஒன்று, விளிம்பில் லேசாக நசுங்கியது, இன்னும் ஆய்வக பீரோவில் இருக்கிறது. உங்களுடையது என்றால் எந்த நசுங்கல் என்று சொல்லி வாங்கிப் போங்கள்.